பொடோமக் மீனும் பழவேற்காட்டு இறாலும்



கூட்டாட்சி என்று சொன்னதும் கொட்டாவி விடுவோர் உண்டு. அது வழக்கறிஞர்கள் வாதிடும் பொருள், கல்லூரிப் பேராசிரியர் காலத்தைப் போக்கும் பொருள், வலை வீசுகிறவனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் அதிலே என்ன வேலை என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும்! ஆனால் தோணிரேவுக் கரையிலே நின்று கேட்கட்டும். பதில் அங்கே தண்ணீரிலேயே கிடக்கிறது.

தோணிரேவு, பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவர் ஊர். பெயரைப் பாருங்கள். தோணி நம் வீட்டுச் சொல். ரேவு என்றால் தெலுங்கிலே படகுத்துறை. இரு மொழியும் கைகோத்து ஒரு பெயராகி நிற்கின்றன. அந்த உறவு ஊர்ப் பெயரிலே இருக்கிறது, ஏரியிலே இருக்கிறதா? 1953 அக்டோபர் 1 வரை ஏரி முழுதும் ஒரே சென்னை மாநிலத்தில் கிடந்தது. அன்று ஆந்திரம் பிறந்தது. தண்ணீரிலே கோடு விழுந்தது. பிறகு எல்லைத் திருத்தச் சட்டம் 1959-ல் வந்து, 1960 ஏப்ரல் 1 முதல் கோடு இன்னும் சற்றுத் திருத்தப்பட்டது. இன்று ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். கடலோடு பேசும் பழவேற்காட்டு முகத்துவாரமோ தமிழ்நாட்டில். வயிறு அவர்களிடம், வாய் நம்மிடம்! கோடு எங்கே போகிறது என்று இறாலுக்குத் தெரியுமா? வலை போட்டவனுக்குத் தெரிகிறது, அக்கரைக்காரன் வந்து படகைப் பிடித்துக் கட்டும்போது!

இதே வழக்கு வேறோரிடத்தில் நடந்திருக்கிறது. எங்கே என்கிறீர்களா? அமெரிக்காவில்!

ஆம். வாஷிங்டன், ஜெபர்சன், மேடிசன் என்று மேதைகளின் பெயர்களை அடுக்கி, அமெரிக்க அரசியல் சட்டம் ஏதோ ஞானோதயத்தில் பிறந்ததுபோலப் பேசுகிறார்களே, அதன் பிறப்புக் கதையிலே மீன் வாடை வீசுகிறது. 1632-ல் இங்கிலாந்து மன்னன் தந்த சாசனப்படி பொடோமக் ஆறு முழுவதும் மேரிலாந்துக்கு. எதிர்க்கரையில் இருக்கும் வர்ஜீனியாக்காரனுக்குக் கரை மட்டுமே. ஆனால் ஆறு போய்ச் சேரும் செசபீக் விரிகுடாவின் வாய் வர்ஜீனியாவின் கையில். "உன் கப்பல் என் வாசல் வழியாக வந்தால் சுங்கம் கட்டு" என்றது வர்ஜீனியா. "என் ஆற்றிலே உன் வலை இறங்கலாமா?" என்றது மேரிலாந்து. ஒருவரிடம் வாய், மற்றவரிடம் வயிறு. நம் ஏரிக் கதையேதான்!

வெள்ளைக்கார மன்னனை விரட்டியாயிற்று. பதின்மூன்று மாநிலங்களும் தனித்தனி அரசுகள்போல முறைத்துக்கொண்டு நின்றன. அந்நாளில் இருந்த மைய அமைப்போ, வரி போடவும் வகையற்றது. அப்போது இரு மாநிலத்தாரும் என்ன செய்தனர்? 1785 மார்ச்சில் கூடிப் பேசினர். கூடிய இடம் மவுண்ட் வெர்னான், ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு. (வர்ஜீனியா நியமித்த நால்வரில் இருவருக்குக் கூட்டம் நடக்கும் செய்தியே போய்ச் சேரவில்லை! அவர்களில் ஒருவர் மேடிசன், பின்னாளில் அரசியல் சட்டத்தின் தந்தை என்று புகழப்பட்டவர். சர்க்கார் தபால் எந்நாட்டிலும் ஒன்றுதான்.) மேரிலாந்துக் கப்பலுக்குச் சுங்கம் இல்லை, வர்ஜீனியாக்காரன் ஆற்றிலே மீன் பிடிக்கலாம் என்று உடன்பாடு கண்டனர். இரண்டு மாநிலம் பேசினால் இத்தனை நன்மை என்றால் எல்லா மாநிலமும் பேசினால் என்ன என்று எண்ணம் பிறந்தது. 1786-ல் அன்னபோலிசில் கூடினர். ஐந்து மாநிலத்தார் மட்டுமே வந்தனர். 1787-ல் பிலடெல்பியாவில் கூடினர். பன்னிரண்டு மாநிலத்தார் வந்தனர். அமெரிக்க அரசியல் சட்டம் எழுதப்பட்டது.

அங்கே மாநிலங்கள் கூடி மையத்தைப் படைத்தன. மையம் இவ்வளவுதான் செய்யலாம் என்று பட்டியல் போட்டு, மிச்சமெல்லாம் மாநிலத்துக்கும் மக்களுக்கும் என்று 1791-ல் பத்தாவது திருத்தமாகப் பொறித்து வைத்தன. இங்கே? மிச்சமெல்லாம் டில்லிக்கு! 248-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். அங்கே பெரிய மாநிலமானாலும் சிறிய மாநிலமானாலும் செனட்டிலே ஆளுக்கு இரண்டு இடம். இங்கே மாநிலங்களவை என்று பெயர் வைத்து, உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. மாநிலங்களின் மன்றமாம்! தலையெண்ணிப் பங்கிட ஏற்கெனவே ஒரு மன்றம் இருக்கும்போது அதே கணக்குக்கு இன்னொரு மன்றம் எதற்கு?

எல்லையை எடுத்துக்கொள்வோம், ஏரிக்காரர்களுக்கு அதுதானே முதல் கவலை. அமெரிக்காவிலே ஒரு மாநிலத்தின் நிலத்தை வெட்டிப் புது மாநிலம் ஆக்க வேண்டுமானால் அந்த மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். இங்கே மூன்றாவது விதி என்ன சொல்கிறது? மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், கேட்டுவிட்டு மறந்துவிடலாம்! அக்கரையிலுள்ள ஆந்திரத் தோழனைக் கேளுங்கள். 2014 சனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை வேண்டாமென்று தள்ளியது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தெலங்கானாவின் கோரிக்கை நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. பிரித்த முறையைத்தான் சொல்கிறேன். 2019-ல் காஷ்மீரிலே சட்டமன்றமே இல்லாத நேரம் பார்த்து, மாநிலத்தையே யூனியன் பிரதேசங்களாக்கினார்கள். கருத்துச் சொல்ல வேண்டிய சட்டமன்றத்தின் இடத்திலும் நாடாளுமன்றமே உட்கார்ந்து, தனக்குத் தானே கருத்துச் சொல்லிக்கொண்டது!

இனி தோணிரேவுக்காரன் ஒரு நாளில் எத்தனை அரசாங்கங்களைக் கடக்கிறான் பாருங்கள். ஏரியிலே மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில், 21-ஆம் இனம். முகத்துவாரம் தாண்டிக் கடலில் 12 கடல் மைல் வரையிலும் மாநிலந்தான். அதற்கு அப்பால் வலை விழுந்தால் அது ஒன்றியப் பட்டியல், 57-ஆம் இனம். தெற்கே திரும்பினால் எண்ணூரிலே காமராசர் துறைமுகம் ஒன்றிய அரசுடையது. அடுத்தாற்போல் காட்டுப்பள்ளித் துறைமுகம் மாநிலத்தின் கடல்சார் வாரியத்தின்கீழ், நடத்துவது தனியார். வடக்கே திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட் பறக்கிறது. பறக்கட்டும், பெருமைதான்! ஆனால் பறக்கும் நாளிலே கடலுக்குப் போகாதே என்று உத்தரவு வருகிறதே, அன்றைக்கு அடுப்பு எப்படி எரியும் என்று எந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறது? தலைக்குமேல் பறவை. அது பொதுப் பட்டியல்! தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து தோணி தட்டுகிறது, கல் கொட்டி வாயைத் திறந்து வைக்கலாம் என்றால் சரணாலயத்துக்குள் வேலை செய்ய ஒன்றிய வனவிலங்கு வாரியம் தலையசைக்க வேண்டும். மீனுக்கு ஒரு சர்க்கார், மீனைக் கொத்தும் கொக்குக்கு இரண்டு சர்க்கார்!

கொக்கு எப்படிப் பொதுப் பட்டியலுக்குப் பறந்தது? இங்கேதான் 1976-ஆம் ஆண்டை நினைவில் வைக்கச் சொல்கிறேன். அதற்கு முன் காடும் விலங்கும் பறவையும் மாநிலத்தின் பொருள்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபோதுகூட, சில மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே நாடாளுமன்றம் அதைச் செய்ய முடிந்தது. 1976 சனவரி 31-ல் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி கலைக்கப்பட்டது. மார்ச்சில் இலங்கையோடு கடல் ஒப்பந்தம். 1974-ல் கச்சத்தீவு, இப்போது மீன்பிடி எல்லை. அதே ஆண்டிலே கடல் மண்டலச் சட்டம். ஆண்டு முடிவதற்குள் 42-ஆவது திருத்தம்: கல்வி, காடு, விலங்கு பறவைகளின் பாதுகாப்பு, எடை அளவைகள், நீதி நிர்வாகம் ஆகிய ஐந்தும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு. கேட்க இங்கே சட்டமன்றம் இல்லை. வீட்டுக்காரன் சிறையில் இருக்கும்போது வீட்டுச் சாமான்களைப் பங்கு போட்டார்கள்!

அதே 1976-ல் அமெரிக்கா என்ன செய்தது? அவர்களும் கடலைப் பற்றித்தான் சட்டம் போட்டார்கள். 200 மைல் வரை மீன்வளம் நம்முடையது என்று அறிவித்தார்கள். மூன்று மைலுக்குள் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. அது 1953-லேயே சட்டமாகிவிட்டது. அதற்கு அப்பாலுள்ள கடலையும் வாஷிங்டன் அதிகாரிகளிடம் மட்டும் கொடுத்துவிடவில்லை. கரையோரப் பகுதி வாரியாக எட்டு மீன்வள மன்றங்கள் அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் மாநில மீன்வள அதிகாரிகள். கூடவே மாநில ஆளுநர்கள் தரும் பட்டியலிலிருந்து நியமிக்கப்படும் தொழில் அறிந்தோர், அவர்களிலே மீன்பிடிப்போரும் உண்டு. (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்து வந்தவர். டில்லி எழுதி அனுப்பும் ஆள் அல்ல.) அயல்நாட்டு ஒப்பந்தம் என்றால் செனட்டிலே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது மாநிலங்களின் மன்றம் கையைத் தூக்க வேண்டும். அந்த விதி இங்கே இருந்திருந்தால், தமிழ்நாட்டுக் கடலைப் பற்றிய ஒப்பந்தத்திற்குத் தமிழ்நாட்டு உறுப்பினரின் வாக்காவது கேட்கப்பட்டிருக்கும்.

"அமெரிக்காவுக்கு ஆலவட்டம் வீசுகிறாயே, அங்கே அடிமை விலங்கு இல்லையா?" என்று ஒரு தோழர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. பிலடெல்பியாவில் எழுதிய அதே ஏட்டிலே ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணு என்றும் எழுதினார்கள். வாக்கு அடிமைக்கு அல்ல, இடம் எசமானுக்கு! மாநில உரிமை, மாநில உரிமை என்று கூவித்தான் தெற்கத்தி ஆண்டைகள் மனிதனை விற்றார்கள். 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போரில் இரத்தம் கொட்டித்தான் அது ஒழிந்தது. 1957-ல்கூட, லிட்டில் ராக் நகரில் ஒன்பது கருப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய, ஜனாதிபதி ஐசனோவர் பட்டாளம் அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே மாநிலம் என்றாலே நல்லது, மையம் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. வகுப்புரிமை ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தமிழகம் கொதித்தெழுந்த பிறகு, 1951-ல் முதல் திருத்தம் செய்ததும் நாடாளுமன்றம்தான்.

நம் ஏரியிலேயே பாருங்கள். பாடு என்றொரு பழைய முறை. எந்த வலை எந்த இடத்தில் எந்த நாளில் இறங்குவது என்று சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். டில்லியும் இல்லை, சென்னையும் இல்லை, ஊர் கூடி எடுக்கும் முடிவு. வலுத்தவன் வாரிக்கொள்ளாமல் காத்த முறை, பாராட்டுவேன். ஆனால் அந்தச் சீட்டிலே எல்லோர் பெயரும் உண்டா? பாட்டில் இடம் பெறாத சாதியார் உண்டு. சேற்றிலே கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் உண்டு. அவர்களுக்கும் ஏரிதானே சோறு?

சென்னையையும் விட்டுவிட மாட்டேன். டில்லியிலிருந்து பறித்துவந்த அதிகாரம் கோட்டையிலேயே கால்நீட்டிப் படுத்துக்கொண்டால் தோணிரேவுக்கு என்ன கிடைத்தது? 1992-ல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் ஊராட்சிக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களை அடுக்கியது. ஐந்தாவது பொருள் மீன்வளம்! ஒப்படைக்கலாம் என்றுதான் எழுதினார்கள், ஒப்படைக்க வேண்டும் என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லிலே ஒளிந்துகொள்வது நம் ஆட்சியானாலும் தவறு தவறுதான்.

மறுபடியும் பொடோமக் கரைக்குப் போவோம், கதை அங்கே இன்னும் முடியவில்லை. 1785 உடன்பாடு போதவில்லை. சிப்பிக்காகச் சண்டை மூண்டது. மேரிலாந்து ஆயுதப் படகுகளை இறக்கியது. இரவில் சிப்பி வாரியவர்கள்மீது துப்பாக்கி வெடித்தது. 1950-கள் வரை இது நடந்தது. பிறகு 1958-ல் இரு மாநிலமும் புதிய உடன்பாடு செய்தன. 1962-ல் அமெரிக்க காங்கிரஸ் இசைவு தந்தது. ஆற்றின் மீனையும் சிப்பியையும் கவனிக்க ஒரே ஆணையம். எட்டுப் பேர்: மேரிலாந்துக்கு நால்வர், வர்ஜீனியாவுக்கு நால்வர். எந்தக் கரையான் ஆனாலும் ஒரே உரிமம், ஒரே விதி. இன்றும் நடக்கிறது.

பழவேற்காட்டுக்கு ஏன் அப்படியொன்று கூடாது? ஆந்திரத்துக்கு நால்வர், தமிழ்நாட்டுக்கு நால்வர். ஒவ்வொரு நால்வரிலும் இருவராவது வலை பிடிக்கிற கைகள், அதிலொன்று பாட்டுக்கு வெளியே நிற்கும் மக்களுடையது. முகத்துவாரம் திறப்பது, வலைக்கண் அளவு, இறால் குஞ்சு வளரும் காலம், ராக்கெட் நாளுக்கு நட்ட ஈடு கேட்பது எல்லாம் அங்கே பேசட்டும். இப்போது இரு மாநிலம் பேச இருக்கும் இடம் தென்மண்டலக் குழு. அதற்குத் தலைவர் யார்? ஒன்றிய உள்துறை அமைச்சர்! அண்ணன் தம்பி பேச ஊர்ப் பெரியதனக்காரர் நாற்காலி போட்டு உட்கார வேண்டுமாம். மாநிலப் பட்டியலில் உள்ள மீனுக்கு இரண்டு மாநிலம் கூடி ஒப்பந்தம் செய்ய, இரண்டு சட்டமன்றமும் தத்தம் சட்டத்தால் அதற்கு உயிர் கொடுக்க, யார் தடுக்கிறார்கள்?

ஏரிக்கரைக் கிளைத் தோழர்கள் அடுத்த கிராமசபையிலே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். தீர்மானத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, ஒரு படியைச் சென்னைக்கும், மற்றொரு படியைத் தோணியிலேற்றி அக்கரைக் குப்பத்துக்கும் அனுப்புங்கள்.