எதிர்த்து எழுதினால் பைத்தியமா? ஜார் ரஷ்யாவை ஆண்ட மூன்று சொற்கள்

1836-ல் ‘டெலஸ்கோப்’ என்ற ரஷ்ய இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பியோத்தர் சாதாயெவ். உலக நாகரிகத்துக்கு ரஷ்யா எதையுமே தரவில்லை என்பது அவர் வாதம். பேரரசர் முதலாம் நிக்கோலஸ் அவர் மீது வழக்குகூடப் போடவில்லை. ‘இவருக்குப் புத்தி சரியில்லை’ என்று அறிவித்துவிட்டார், அவ்வளவுதான்! சாதாயெவுக்கு வீட்டுக்காவல், மருத்துவக் கண்காணிப்பு. இதழுக்கு மூடுவிழா.

ஒரு கருத்து எப்படி நோயாக மாறியது? அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு வந்த ஓர் அரசுச் சுற்றறிக்கையில் பதில் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது இந்த முழக்கம்?

1833-ல் ரஷ்யக் கல்வித் துறையின் பொறுப்பை ஏற்ற செர்கேய் உவாரோவ், கல்விக்கு மூன்று தூண்களை அறிவித்தார்: ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம், மன்னரின் தனியாட்சி, ‘நரோத்னஸ்த்’. நரோத் என்றால் மக்கள். நரோத்னஸ்த் என்பதைத் தேசியத்தன்மை என்று சொல்லலாம். பிரெஞ்சுப் புரட்சியின் ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ முழக்கத்துக்கு ஜார் அரசு பாடிய எதிர்ப்பாட்டு இது.

அதற்கு என்ன அவசியம்? 1825 டிசம்பரில், நிக்கோலஸுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கும் நாளிலேயே ராணுவ அதிகாரிகள் சிலர் தலைநகரில் கிளர்ச்சி செய்தார்கள். பீரங்கியால் அதை அடக்கி, ஐந்து பேரைத் தூக்கிலிட்டது அரசு. அடுத்த ஆண்டே ‘மூன்றாம் பிரிவு’ என்ற ரகசியப் போலீஸ் வந்தது. ஆனால், போலீஸால் ஆளைத்தான் பிடிக்க முடியும், எண்ணத்தைப் பிடிக்க முடியாது. அதற்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது.

எந்த மக்கள்?

மதமும் மன்னரும் பழைய கதை. புதுசு மூன்றாவது சொல்தான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அந்த ‘மக்களில்’ 2 கோடிக்கும் அதிகமானோர் நிலப்பிரபுக்களின் பண்ணையடிமைகள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. போலந்துக்காரர்கள், உக்ரைனியர்கள், யூதர்கள், முஸ்லிம்கள் எனப் பல இனத்தவர் வாழ்ந்த பேரரசு அது. உக்ரைனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ 1847-ல் கைதாகி, சாதாரணச் சிப்பாயாகத் தொலைதூரத்துக்கு அனுப்பப்பட்டார். எழுதவும் கூடாது, வரையவும் கூடாது என்பது கூடுதல் தண்டனை.

ஆக, இந்த முழக்கத்தில் ‘மக்கள்’ என்றால் ஜாரை நேசிப்பவர்கள். நேசிக்காதவர் மக்களே இல்லை. அரசைக் குறை சொன்னால், தேசத்தையே குறை சொன்னதாக அர்த்தம். ரஷ்யராகப் பிறந்தும் ஒருவர் அப்படிப் பேசினால்? புத்தி பேதலித்தவராகத்தான் இருக்க வேண்டும்! சாதாயெவ் சிக்கியது இந்தக் கணக்கில்தான். தணிக்கையைவிட ஆபத்தானது இது. தணிக்கை வாயைத்தான் மூடும், இது பேசுபவரின் தகுதியையே பறித்துவிடும்.

உவாரோவ் நல்லதே செய்யவில்லையா?

செய்தார். அவர் காலத்தில் பல்கலைக்கழகங்கள் வளர்ந்தன, இளம் அறிஞர்கள் வெளிநாடு சென்று படித்தார்கள். ஒழுங்கும் அறிவும் சேர்ந்தே வளரட்டும் என்பது அவர் தரப்பு. ஆனால், 1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்ததும் ஜார் அரசுக்கு மாணவர்களே ஆபத்தாகத் தெரிந்தார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு உச்சவரம்பு வந்தது. பல்கலைக்கழகங்களுக்காக வாதாட முயன்ற உவாரோவ், 1849-ல் பதவி விலக வேண்டியதாயிற்று. அவரது குடும்பச் சின்னத்தில் பொறிக்கப்பட்ட அதே மூன்று சொற்களால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. விசுவாசத்தை அளவுகோலாக்கினால், அதைச் செய்து கொடுத்தவரையும் அது ஒருநாள் அளக்கும்.

குறை சொல்ல ஆளில்லாத அரசு தன் குறையைப் போர்க்களத்தில்தான் தெரிந்துகொண்டது. 1853-ல் தொடங்கிய கிரிமியப் போரில், மாஸ்கோவுக்குத் தெற்கே படைகளைக் கொண்டுசெல்ல ரயில் பாதையே இல்லை. ரஷ்யா தோற்றது. போர் முடியும் முன்பே, 1855-ல் நிக்கோலஸ் இறந்தார். பண்ணையடிமை முறையை 1861-ல் ஒழித்தவர் அவர் மகன் இரண்டாம் அலெக்சாண்டர்.

எந்த ஆட்சியாளர் ‘மக்கள்’ என்று சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அந்த மக்கள் ‘முடியாது’ என்று சொல்லலாமா? சொல்ல முடியாது என்றால், அங்கே அந்தச் சொல் ஆட்சியாளரின் இன்னொரு பெயர், அவ்வளவுதான்.