பறத்தலும் நிறுத்தலும்

பழம்பொருளைக் காப்பது என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அருங்காட்சியகம். கல்வெட்டையும் நாணயத்தையும் ஓலைச்சுவடியையும் அவ்வாறு காத்தால் போதும். எந்திரத்தின் நிலை வேறு. இயங்குவதற்காகவே ஆக்கப்பட்ட ஒன்றை அசையாமல் நிறுத்திவைத்தால் அதன் உருவம் எஞ்சும். அதை இயக்கத் தெரிந்தவர்களின் கைத்திறன் எஞ்சாது. பணி ஓய்வுபெற்ற பழைய ஜெட் விமானங்களை மீண்டும் பறக்கவிட வேண்டும் என்போர் முன்வைக்கும் முதன்மையான காரணம் இதுவே. அக்காரணத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் எதுவரை பறக்கவிடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்னும் கேள்விகளுக்கு விடை காணாமல் அந்த வாதம் நிறைவு பெறாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் விமானங்கள் இன்றும் பிரிட்டன் வானில் பறக்கின்றன. அவை மூக்கில் சுழலும் விசிறியால் இயங்குபவை. அவற்றின் உறுப்புகள் பலவற்றைத் தேர்ந்த பட்டறையில் புதிதாகவே செய்துகொள்ளலாம். ஜெட் விமானம் அத்தகையதன்று. அதன் பொறிக்குள் எண்ணற்ற சிறு தகடுகள் கடும் வெப்பத்தில் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கின்றன. அவற்றிற்கான உலோகக் கலவையையும் அளவுக் குறிப்புகளையும் முழுமையாக அறிந்தது அவற்றைப் படைத்த நிறுவனமே. ஆபத்தில் விமானியை வெளியே எறிந்து காக்கும் இருக்கையின் வெடிமருந்துக்கும் காலாவதி நாள் உண்டு. எனவே பழைய ஜெட் விமானத்தைப் பறக்கவிடுவது ஆர்வலர் சிலரின் உழைப்பால் மட்டும் முடியும் செயலன்று.

இதற்குச் சிறந்த சான்று வல்கன். பிரிட்டனின் அவ்ரோ நிறுவனம் உருவாக்கிய இந்தக் குண்டுவீச்சு விமானத்தின் முன்மாதிரி 1952 ஆகஸ்டு 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. விரிந்த முக்கோண இறக்கை. அதன் அடிப்பகுதிக்குள் ஒளிந்திருக்கும் நான்கு ஒலிம்பஸ் பொறிகள். அப்பொறிகளின் வழித்தோன்றலே பின்னாளில் ஒலியை விஞ்சிய வேகத்தில் பயணிகளைச் சுமந்த கான்கார்டு விமானத்தை இயக்கியது. எக்ஸ்.எச்.558 என்னும் எண் கொண்ட வல்கன் 1960-இல் பிரிட்டன் வான்படையில் சேர்ந்தது. 1993-இல் இறுதியாகப் பறந்து, புரண்டிங்தார்ப் என்னும் பழைய வான்படைத் தளத்தில் தனியார் உடைமையாக இறங்கியது. அது மீண்டும் பறக்கும் என்று அன்று நம்பியவர் மிகச் சிலரே.

ராபர்ட் பிளெமிங் என்பவரின் தலைமையில் அமைந்த அறக்கட்டளை அந்த நம்பிக்கையைச் செயலாக்கியது. நாட்டின் மரபுச் செல்வங்களைக் காக்கும் லாட்டரி நிதியம் 27 இலட்சம் பவுண்டுக்கு மேல் வழங்கியது. அதுவும் போதவில்லை. பணி நின்றுவிடும் என்ற நிலையில் ஜாக் ஹேவர்டு என்னும் கொடையாளர் 5 இலட்சம் பவுண்டு தந்தார். பொதுமக்கள் சிறுசிறு தொகைகளை அனுப்பினர். விமானத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஆய்ந்து மீண்டும் பூட்டினர். 2007 அக்டோபர் 18 அன்று, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், எக்ஸ்.எச்.558 வானேறியது.

அணுகுண்டைச் சுமப்பதற்கென்றே பிறந்த ஒன்றுக்கு இத்தனை செலவும் கொண்டாட்டமும் தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வல்கன் எந்தப் போரிலும் அணுகுண்டை வீசியதில்லை. 1982-இல் நடந்த ஃபாக்லாந்து போரில் அவ்வகை விமானங்கள் தாக்குதல் நடத்தியபோதும் அணுவாயுதம் பயன்படுத்தப்படவில்லை. ஆனால் அந்த மறுமொழி எனக்கு நிறைவளிக்கவில்லை. அச்சத்தின் கருவியாக விளங்கிய ஒன்றை உருக்கிப் பழைய இரும்பாக்கிவிட்டால் அந்த அச்சம் வரலாற்றிலிருந்து அழிந்துவிடுமா? தலைக்கு மேலே அதன் முழக்கத்தைக் கேட்டு உடல் அதிர்ந்த ஒருவருக்கு, பனிப்போர் என்பது தேர்வுக்குப் படித்த சொல்லாக மட்டும் இராது.

எனினும் உலோகத்துக்கும் முதுமை உண்டு. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது ஒரு கட்டத்தில் முறியும். விமானத்தின் இறக்கையும் ஒவ்வொரு பறப்பிலும் வளைந்து நிமிர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத விரிசல் உள்ளே வளர்கிறது. வல்கனின் ஆயுளை நீட்டிப்பதற்காக அதன் இறக்கைகளில் வலுவூட்டும் தகடுகளைப் பொருத்தினர். பொறிகளின் கதை இன்னும் வருத்தத்திற்குரியது. 2012 மே மாதத்தில் டான்காஸ்டர் வானூர்தி நிலையத்தில் வல்கன் புறப்படத் தொடங்கியபோது, காற்றுப் புழையினுள் தவறுதலாக விடப்பட்டிருந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஒரு பொறி உள்ளிழுத்துச் சிதைந்தது. அதன் சிதறல்கள் பக்கத்துப் பொறியையும் பாழாக்கின. ஓடுபாதையிலேயே விமானம் நிறுத்தப்பட்டதால் எவருக்கும் ஊறு நேரவில்லை. ஆனால் உலகில் எவரும் இனிச் செய்யாத இரண்டு பொறிகள் நொடிப்பொழுதில் வீணாயின. கவனக்குறைவு எங்கும் நேரக்கூடியதே; மாற்றுப் பொருள் இல்லாத இடத்தில் அதன் விலை பன்மடங்காகிறது.

2015-இல் வல்கனுக்குத் தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் அப்பறப்புப் பருவத்தோடு விலகிக்கொள்ள முடிவு செய்தன. அவர்கள் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது. எக்ஸ்.எச்.558 அதற்குள் வேறெந்த வல்கனையும்விடப் பத்து விழுக்காட்டுக்கும் கூடுதலான நேரம் பறந்துவிட்டது. அடுத்த பழுது எங்கே தோன்றும் என்று காட்டித்தர மூத்த வல்கன் ஒன்றும் இல்லை; அவ்வகை விமானத்தை நன்கறிந்த பொறியாளர்களும் அருகிவிட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 28 அன்று அது கடைசியாகப் பறந்து இறங்கியது. விபத்து நேரும் முன்பே எடுத்த முடிவு என்பதால், வல்கனின் வரலாற்றில் அந்த முதல் பறப்புக்கு இணையாக இதையும் நான் போற்றுவேன்.

போற்றுவதற்குக் காரணம், அதே ஆண்டு ஆகஸ்டு 22 அன்று ஷோர்ஹாம் வான்காட்சியில் நிகழ்ந்த துயரம். 1950-களில் கட்டப்பட்ட ஹாக்கர் ஹண்டர் ஜெட் விமானம் ஒன்று வானில் செங்குத்து வளையமிட்டு இறங்கும்போது, போதிய உயரம் இல்லாமையால் நெடுஞ்சாலையில் மோதியது. பதினொருவர் இறந்தனர். அவர்கள் அனைவரும் காட்சித் திடலுக்கு வெளியே, சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்கள். விமானி உயிர்பிழைத்தார். அது உலோகம் தளர்ந்ததால் நேர்ந்த விபத்தன்று. வளையத்தைத் தொடங்கிய வேகமும் அதன் உச்சியில் எட்டிய உயரமும் குறைவாக இருந்தன என்பது புலனாய்வின் முடிவு. பழைமையைக் காக்கும் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஆர்வத்தின் விலையைச் சாலையில் தன் வழியே செல்லும் ஒருவர் தம் உயிரால் கொடுக்க நேர்ந்தால், மரபு என்னும் சொல்லைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அதன்பின் பிரிட்டனின் குடிசார் வானூர்தி ஆணையம், நிலத்திற்கு மேலே பழைய ஜெட் விமானங்கள் சாகசம் செய்வதைத் தடுத்து, நேர்ப்பறப்பை மட்டும் அனுமதித்தது. காண்போர் சிலருக்கு இது சுவையற்றதாகத் தோன்றலாம். வல்கன் போன்றதொரு விமானத்திற்கு வளையம் எதற்கு? அது நேராகக் கடந்து சென்றாலே போதும்.

பறத்தல் நின்றபின் அருங்காட்சியகம் ஒன்றே வழி என்பதும் இல்லை. வெல்ஸ்போர்னிலும் சவுத்எண்டிலும் இரண்டு வல்கன்கள் பறக்காமலே உயிரோடு இருக்கின்றன. தன்னார்வலர்கள் அவற்றின் பொறிகளை இயக்கி, ஓடுபாதையில் ஓட்டிக் காட்டுகிறார்கள். நிலத்தைவிட்டு எழாததால் ஊரார்க்கு இடர் மிகக் குறைவு. நீரியல் குழாய்களையும் மின்சுற்றுகளையும் பேணும் திறனோ அழியாமல் கைமாறுகிறது.

இந்தியாவிலும் இக்கேள்வி வாயிலில் நிற்கிறது. 1963-இல் நம் வான்படையில் நுழைந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. நுழைவாயில்களில் தூண்மேல் நிறுத்தி வண்ணம் பூச அவற்றில் பல கிடைக்கும். அவற்றைப் பறக்கவிட வேண்டும் என நான் கேட்கவில்லை. அவ்விமானத்தின் விபத்து வரலாறு அப்படிக் கேட்க இடந்தராது. ஒன்றிரண்டையேனும் பொறி இயங்கும் நிலையில் வைத்திருக்கலாம். அதைப் பழுது பார்த்தே ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பொறியியல் கல்லூரி மாணவர்களை அவர்களருகே நிற்கவைத்து, எந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லித்தரச் செய்ய இதுவே காலம். பத்தாண்டு கழித்துத் தேடினால் விமானம் இருக்கும், அவர்கள் இருக்கமாட்டார்கள்.