துவக்கைக் கீழே வைத்த கதை

அண்மையில் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமையொன்றின் பிற்பகலில் குடும்பத்தாருடன் சாட்டிக் கடற்கரைக்குப் போயிருந்தேன். பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்குள் நுழைந்து சிறிது தூரம் ஓடினால் சாட்டி. ஆழமில்லாத கடல். குழந்தைகளை அச்சமின்றி இறக்கி விடலாம். எல்லோரும் நீரில் நிற்க, என் கடைசித் தங்கையின் மகனும் அவனுடைய தோழர்கள் இருவரும் மட்டும் மரநிழலில் கைத்தொலைபேசியில் தலை கவிழ்ந்திருந்தனர். 'பப்ஜி' நடந்துகொண்டிருந்தது. பாரிஸிலிருந்து சேரவேண்டிய மச்சான் அன்று வரவில்லையாம்.

"மாமா, ஒராள் குறையுது. வாறியளே?"

"இல்லையடா தம்பி, எனக்கு அது விட்டுப்போச்சு."

"ஏன்?"

பதில் சொல்லாமல் சிரித்துச் சமாளித்தேன். சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுடும் விளையாட்டுகள் மீது எனக்கிருந்த மோகம் சாதாரணமானதன்று. 1993 டிசம்பரில் 'டூம்' வெளியானது. அதன் முதற்பகுதியை யாரும் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று தயாரித்தவர்களே அனுமதித்திருந்தார்கள். கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்துக்கும் சில பிளொப்பித் தட்டுகளில் அது வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனபின், இரவுப் பணியில் இருந்த நாங்கள் முறைவைத்து விளையாடுவோம். மாலை முழுவதும் போர்முனைச் செய்திகளையும் இழப்பு எண்ணிக்கைகளையும் செப்பனிட்டுக் களைத்த கண்கள், நள்ளிரவில் நரகத்துப் பேய்களைக் குறிபார்க்கும். அந்தப் பேய்களுக்கு ஊர் இல்லை, பெற்றோர் இல்லை. அவற்றின் சாவுக்கு ஒரு தரப்பின் அறிக்கையும் மறுதரப்பின் மறுப்பறிக்கையும் வருவதில்லை. வெளியே எதுவும் எம் கையில் இல்லாத காலத்தில், அந்தச் சிறு திரைக்குள் எல்லாம் கைக்குள் இருந்தது. அதுவே அதன் சுகம் என்று இப்போது நினைக்கிறேன்.

பின்னர் 1998 இல் 'ஹாஃப் லைஃப்', 2003 இல் 'கோல் ஒஃப் டியூட்டி' என்று மோகம் வளர்ந்தது. பேய்களின் இடத்துக்கு மனிதர்கள் வந்ததை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

முதல் நெருடல் 2009 இல் ஏற்பட்டது. 2007 இல் வெளிவந்த 'மொடர்ன் வோர்ஃபெயர்' விளையாட்டில், உயரப் பறக்கும் விமானமொன்றின் வெப்பக் கமெராவினூடாகக் கீழே ஓடும் மனிதர்களைச் சுடும் கட்டம் ஒன்று உண்டு. சாம்பல் நிறத் திரையில் வெள்ளை உருவங்கள். குறி தப்பாதபோது சக வீரனின் நிதானமான பாராட்டு. அதைப் பலமுறை ஆடியிருந்தேன். 2009 ஏப்ரலில், புதுமாத்தளனில் மக்கள் கடனீரேரியைக் கடந்து வெளியேறுவதை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தை அரசு வெளியிட்டது. திரை நிறையப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர். அப்படத்தைப் பார்க்கையில், அந்தக் காட்சிக்கு என் கண் ஏற்கெனவே பழகியிருப்பதை உணர்ந்து திடுக்கிட்டேன். சில மாதங்கள் விளையாட்டைத் தொடவில்லை. பின்பு தொட்டேன். மனித மனம் அப்படித்தான்.

முற்றாக விட்டது 'பப்ஜி'யால். 2018 இல் அது கைத்தொலைபேசிக்கு வந்தபோது, ஓய்வுபெற்ற வயதில் நானும் சேர்ந்துகொண்டேன். விமானத்திலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். எஞ்சும் ஒருவரோ ஓர் அணியோ வெற்றிபெறும். 'எராங்கெல்' என்ற அந்தக் கற்பனைத் தீவு, எட்டுக்கு எட்டுக் கிலோமீற்றர். அங்கே வீடுகள் உண்டு, குடியிருப்போர் இல்லை. கதவைத் திறந்து நுழைந்து, தரையில் கிடக்கும் துவக்கையும் மருந்தையும் பொறுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும்.

ஓர் இரவு அப்படியொரு வீட்டுக்குள் நின்றபோது, வேலணையில் இருந்த என் பெரியம்மாவின் வீடு நினைவுக்கு வந்தது. 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது அவரும் பூட்டிவிட்டுப் புறப்பட்டவர். சமாதான காலத்தில், 2003 இல் அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். கதவு இல்லை, யன்னல் இல்லை, கூரை மரங்களும் இல்லை. கிணற்றுக் கப்பிகூட இல்லை. அறை மூலையில் ஈரத்தில் ஊறிய பாடசாலைக் கொப்பி ஒன்று மட்டும் கிடந்தது. யாரோ நுழைந்து, வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நானும் திரையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். பின்னாலிருந்து எவனோ என்னைச் சுட்டுவிட்டான். அன்று தொலைபேசியைக் கீழே வைத்தவன், அந்த விளையாட்டை மீண்டும் திறக்கவில்லை.

இந்த விளையாட்டுகள் பிள்ளைகளைக் கொலைகாரராக்கும் என்று நான் வாதிட வரவில்லை. என் தலைமுறையில் ஆயுதம் ஏந்தியவர்கள் கணினியையே கண்டிராதவர்கள். தடையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜியைத் தடைசெய்தது. காரணமாகச் சொல்லப்பட்டது நாட்டின் பாதுகாப்பு, விளையாட்டின் வன்முறையன்று. அடுத்த ஆண்டே அது வேறு பெயரில் திரும்பி வந்தது. பாரிஸில் இருக்கும் மச்சானும் யாழ்ப்பாணத்து மச்சானும் ஒரே அணியில் நின்று கத்திச் சிரிப்பதற்கு வேறு இடமும் அதிகமில்லை.

என் மனக்குறை பெரியவர்களாகிய எங்கள்மீதுதான். போரைப் பிள்ளைகளிடம் பேசினால் அவர்கள் வாடிப்போவார்கள் என்றெண்ணி வாய்மூடியிருந்தோம். அதே சாட்டியில் ஒரு மாவீரர் துயிலும் இல்லம் இருந்தது. இன்றும் நவம்பர் 27 இல் அங்கே தாய்மார் விளக்கேற்றுகிறார்கள். ஏன் அழுகிறார்கள் என்பதை எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? நாம் சொல்லாதுவிட்டால், போர் என்பது இறந்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்துவரும் ஒன்று என்றுதான் திரை சொல்லிக்கொடுக்கும். எராங்கெலில் எந்த வீட்டில் எத்தனை வாசல் என்று அறிந்த பிள்ளைக்குப் பாட்டியின் வளவு எங்கே என்று தெரியாமலிருப்பது அவன் பிழையன்று.

அன்று திரும்பும் வழியில் வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். பற்றைக்குள் நின்ற சுவர்களைப் பார்த்து மருமகன் கேட்டான்: "ஆரின்ர வீடு மாமா இது?"

இத்தனை ஆண்டுகள் எத்தனையோ வீடுகளுக்குள் திரையில் புகுந்தும் நான் ஒருதரமேனும் கேட்டிராத கேள்வி. சொல்லத் தொடங்கினேன். பண்ணைப் பாலம் வரும்வரை அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. பாலத்தைத் தாண்டியதும் எடுத்தான். அதுவும் சரிதான்.