உறைமழையும் உயிர் காக்கும் சொல்லும்

கனடா நாட்டின் கிழக்குப் பகுதியிலே பனிக்காலத்தில் ஒருவகை மழை பெய்வதுண்டு. வானத்திலிருந்து நீராகவே விழும் அம்மழை, நிலத்தையும் மரக்கிளையையும் மின்கம்பியையும் தொட்ட மாத்திரத்தில் பளிங்கு போல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு நெடுநேரம் பெய்து நாட்டைக் கட்டிப்போடும் நிகழ்ச்சியை ஆங்கிலத்திலே பனிக்கட்டிப் புயல் என்னும் பொருள்படக் கூறுவர். புயல் என்ற பெயரைக் கேட்டுப் பெருங்காற்றை எதிர்பார்த்தல் வேண்டா. பெரும்பாலும் அது ஓசையின்றி வருவது. ஆதலின் இக்கட்டுரையில் அதனை உறைமழை என்றே வழங்குவோம்.

யாழ்ப்பாணத்து வெயிலில் வாழும் தமிழாசிரியன் ஒருவனுக்கு இப்பொருளிலே என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். 1983ஆம் ஆண்டின் பின்னர் நம்மவரிலே பெருந்தொகையினர் ரொறன்ரோ, மொன்றியல் முதலிய நகரங்களிற் குடியேறினர். இம்மலரை விரித்துப் படிப்போரிற் கணிசமானோர் இன்று அந்நகரங்களிலே வாழ்பவர். உறைமழை அவர்களுடைய கூரையின்மீதும் பெய்கின்றது. மரத்தையும் கம்பியையும் முறிப்பது பனிக்கட்டியேயாம். ஆயினும் மனித உயிரைப் பறிப்பதில் அதனோடு பங்கு கொள்வன அறியாமையும் தனிமையும் என்பது என் கருத்து. கம்பியைச் செப்பஞ் செய்தல் பொறியியலாளர் கடன். அறியாமையையும் தனிமையையும் நீக்குதல் நம் கடன். இதனை வற்புறுத்தவே எழுதுகின்றேன்.

முதற்கண் உறைமழையின் இயல்பை அறிதல் நன்று. நிலத்தையொட்டிக் குளிர்காற்றுப் படலம் ஒன்று கிடக்க, அதன்மேல் வெப்பமான ஈரக்காற்று ஏறிப் பரவுகின்றது. மேலிருந்து விழும் பனித்துகள் வெப்பப் படலத்திலே உருகி நீராகின்றது. அந்நீர் கீழுள்ள குளிர்ப்படலத்தைக் கடக்கும்போது, மீண்டும் உறைதற்குப் போதிய நேரமின்றி, உறைநிலையினுங் குளிர்ந்த நீராகவே நிலத்தை அடைகின்றது. அங்ஙனம் வந்த துளி எதிலேனும் பட்டவுடன் உறைந்துவிடும். சென் லோறன்சு ஆற்றுப் பள்ளத்தாக்கு, குளிர்காற்றைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் வாய்க்கால் போன்றது. அதனாலேயே மொன்றியலும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இம்மழைக்கு அடிக்கடி இலக்காகின்றன.

ஒரு துளி உறைவதனால் வருங் கேடு யாதுமில்லை. துளிமேல் துளியாக ஏறும் பாரமே கேடு. மயிலிறகேயாயினும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் கருத்துக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

1998ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே இவ்வச்சு முறிந்தது. அம்மாதம் 5ஆந் தேதி தொடக்கம் 10ஆந் தேதி வரை, ஒன்ராறியோவின் கிழக்கிலும் கியூபெக்கின் தெற்கிலும் உறைமழை விட்டுவிட்டுப் பெய்தது. மொன்றியலில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் உறைமழை வழக்கமாக 45 முதல் 65 மணி நேர அளவினது. அவ்வாரத்தில் மட்டும் 80 மணி நேரத்துக்கு மேற் பெய்தது. மொன்றியலின் தெற்கே சிலவிடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை வீழ்ந்தது. ஏறக்குறைய 1,000 உருக்குக் கோபுரங்களும், 30,000க்கு மேற்பட்ட மரக் கம்பங்களும் சாய்ந்தன. 40 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றி இருந்தனர். 6 இலட்சம் பேரளவில் தத்தம் வீடுகளை விட்டு வெளியேறினர். சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலாகியும் விளக்கு எரியவில்லை. ஏறக்குறைய 16,000 படைவீரர் உதவிக்கு அனுப்பப்பட்டனர். கனடாவில் உயிரிழந்தோர் 28 பேர் என அந்நாட்டு வானிலைத் துறை கணக்கிட்டது.

இவ்வளவு துன்பம் விளைந்தமைக்குப் பனியின் பாரம் ஒரு காரணம். எல்லாத் தேவைகளையும் ஒரே கம்பியில் தொங்கவிட்டமை மற்றொரு காரணம். கியூபெக்கில் நீர்மின்சாரம் மலிவாகக் கிடைப்பது. ஆதலால் அங்குள்ள வீடுகளுட் பெரும்பாலானவை மின்சாரத்தினாலேயே வெப்பமூட்டப்படுவன. மின்சாரம் போயிற்றெனின் விளக்கு, அடுப்பு, வெப்பம் மூன்றும் ஒருங்கே போயின. சனவரி 9ஆந் தேதி மொன்றியலின் நீர் வடிகட்டும் நிலையங்களும் மின்சாரம் இழந்தன. சில மணி நேரத்துக்குப் போதுமான குடிநீரே நகரில் எஞ்சியிருந்தது. பால் கறக்கும் பொறி ஓடாமையாற் பண்ணைகளில் மாடுகள் துன்புற்றன. பதப்படுத்த வழியின்றிப் பால் நிலத்திலே கொட்டப்பட்டது.

பொறியியலாளர் அப்பாடத்தை நன்கு கற்றனர் என்பதை மறுத்தல் தகாது. ஒரு கோபுரம் சாய்ந்தால் அடுத்தடுத்த கோபுரங்களையும் அது இழுத்து வீழ்த்தாதபடி, இடையிடையே வலிமிக்க கோபுரங்களை நிறுத்தினர். ஒரு வழி அடைபடின் மறுவழியால் மின்சாரம் வருமாறு பாதைகளைப் பெருக்கினர். கம்பியிலே மின்னோட்டத்தைச் செலுத்திச் சூடேற்றி, அதன்மீது படிந்த பனிக்கட்டியை உருக்கும் நிலையம் ஒன்றைக் கியூபெக் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள லெவி என்னுமிடத்தில் அமைத்தனர். முழுவதும் வீழாதிருக்க வேண்டுமாயின் ஒரு பகுதி வீழ்ந்தாலும் தாங்கும் வண்ணம் கட்டவேண்டும் என்பதே அவர்கள் கண்ட முடிபு.

எனினும் உறைமழை நின்றுவிடவில்லை. 2013ஆம் ஆண்டு திசம்பர் மாதம், நத்தார்ப் பண்டிகைக்குச் சில நாட்களுக்கு முன், ரொறன்ரோ நகரில் ஏறக்குறைய 3 இலட்சம் மின்னிணைப்புகள் அற்றுப்போயின. அவற்றுட் சில மீளுவதற்கு ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. 2023 ஏப்ரல் 5ஆந் தேதி கியூபெக்கில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருளில் ஆழ்ந்தன. 2025 மார்ச்சு இறுதியில் ஒன்ராறியோவின் ஒறிலியா, பீற்றர்பரோ முதலிய ஊர்கள் இதே துன்பத்தை அனுபவித்தன. கம்பிகளையெல்லாம் மண்ணிற் புதைத்துவிடலாமே என்பார் உளர். புதிய குடியிருப்புகளில் அவ்வாறே செய்கின்றனர். ஆயினும் பழைய தெருக்களையும் நெடுந்தூரப் பெருங்கம்பிகளையும் புதைக்குஞ் செலவு மிகப் பெரிது; மரங்களுக்கிடையே கம்பிகள் செல்லும் வரை இவ்விடர் தொடரவே செய்யும். ஆகவே, கம்பி அறும் நாளில் வீட்டினுள் இருப்பவர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதே எஞ்சி நிற்கும் வினா.

இவ்விடத்திலேதான் அறியாமை உட்புகுகின்றது. வீடு குளிர்கின்றது, சமைக்க வழியில்லை. புறத்தே வைத்துப் பயன்படுத்தும் கரியடுப்பை ஒருவர் உள்ளே கொண்டுவந்து மூட்டுகின்றார். மற்றொருவர் மின்பிறப்பாக்கியை வாகனக் கொட்டிலில் வைத்து ஓட்டுகின்றார். எரிபொருள் முற்றாக எரியாதவிடத்துத் தோன்றும் காபனோரொட்சைட்டு என்னும் வாயு நிறமற்றது, மணமற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு இதனைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை தோன்றும். தடிமன் காய்ச்சல் என்றெண்ணிப் படுப்பவர் எழுவதில்லை. மேலே கூறிய 2023ஆம் ஆண்டு நிகழ்ச்சியிலும் கியூபெக்கில் ஒருவர் இவ்வாயுவினால் இறந்தார். வேறு பலர் மருத்துவமனை சேர்ந்தனர்.

இத்தவறு நம்மவருக்கு மிக எளிதில் நேரக்கூடியது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கரியையும் விறகையும் வீட்டினுள்ளேயே மூட்டிச் சமைத்தனர். பிள்ளை பெற்ற தாயின் அறையிலே தணற்சட்டி வைத்தனர். அவருக்கு யாது தீங்கு நேர்ந்தது? ஓலை வேய்ந்த அடுக்களையும், ஓட்டிடுக்கும், திறந்த சாளரமும், புகைக்கூடும் அவ்வாயுவை வெளியேற்றின. கனடாவிலோ, ஊசி நுழையும் இடைவெளியும் இல்லாதவாறு குளிருக்கு அஞ்சி வீட்டை அடைத்துக் கட்டுகின்றனர். அங்கே நம் ஊர்ப் பழக்கம் உயிருக்கு உலையாகின்றது. எழுபது ஆண்டு கரியடுப்போடு வாழ்ந்த மூதாட்டி ஒருவருக்கு அதனாற் கேடு வரும் என்பதை யார் சொல்வது? எம்மொழியிற் சொல்வது?

2006ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைப் பெருங்காற்று தாக்கி மின்சாரத்தைத் துண்டித்தது. அது உறைமழையன்று, ஆயினும் குளிர்காலத்து இருளில் விளைந்த கேடு ஒன்றே. குளிர் காயக் கரி மூட்டிய குடும்பங்கள் நச்சுவாயுவுக்கு இரையாயின. அவற்றுட் பல அந்நாட்டில் வந்து குடியேறியவை. அப்போது அந்நகரின் முதன்மை நாளிதழ், தன் முதற்பக்கத்திலே அவ்வெச்சரிக்கையைப் பல மொழிகளில் அச்சிட்டது. ஆங்கிலத்தில் மட்டுஞ் சொல்லிய சொல் போய்ச் சேரவில்லை என்பதை உணர்ந்த செயல் அது. தாய்மொழிப் பற்றைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றோம். தாய்மொழி உயிர் காக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கனடாவில் அரசின் அவசர அறிவித்தல்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வருவன. தமிழில் மொழிபெயர்த்த ஏடு இணையத்திலே இருக்கின்றதென்று கூறினும், மின்சாரமற்ற நாளில் அதனை எடுத்துப் படிப்பது எங்ஙனம்? கைத்தொலைபேசியும் ஓரிரு நாளில் உயிரிழந்துவிடும். சொல் முன்னரே வீட்டினுள் இருத்தல் வேண்டும். அதுவும் விளங்குஞ் சொல்லாக இருத்தல் வேண்டும். வாயுவின் பெயரை மட்டும் பெரிதாக எழுதினால் முதியோர் அறியார். கரிப்புகை என்று எழுதினால், புகை தெரியவில்லையே என்று ஆறுதல் கொள்வர். ‘வீட்டுக்குள்ளும் வாகனக் கொட்டிலுக்குள்ளும் கரி மூட்டாதீர்கள், மின்பிறப்பாக்கி ஓட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு எழுந்து உறக்கத்திலேயே கொல்லும்’ என்று நேரே எழுதுவதே தமிழுக்கும் அழகு, உயிருக்குங் காவல்.

அத்தாளிலே வேறு சிலவும் இடம்பெறுதல் நன்று. மூன்று நாட்களுக்குப் போதுமான குடிநீரும், அடுப்பில்லாமல் உண்ணத்தக்க உணவும், மருந்தும், கைவிளக்கும், மின்கலத்தில் இயங்கும் வானொலியும் வீட்டில் இருக்கவேண்டும்; 72 மணி நேரம் தாமே சமாளிக்கும்படி அந்நாட்டு அரசும் மக்களைக் கேட்கின்றது. நச்சுவாயுவை உணர்த்தும் மின்கலக் கருவி ஒன்று படுக்கையறைக்கு அருகில் இருக்கவேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியை அணுகலாகாது. பத்து மீற்றருக்கு அப்பாலே நிற்கவேண்டும். பனிக்கட்டி படிந்த மரத்தின் கீழ் நிற்றலும், அதன் கிளையைத் தடியால் அடித்தலும் ஆகா. வீட்டை விட்டு நீங்குவதாயின் நீர்வாயிலை மூடிக் குழாய்களை வடித்தல் வேண்டும். இன்றேல் உள்ளே நீர் உறைந்து குழாய் வெடிக்கும். இவ்வளவும் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்குவன.

தாள் அறியாமையைப் போக்கும், தனிமையைப் போக்காது. ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் மாடிமேல் மாடியாக உயர்ந்த கட்டடங்களிலே நம் முதியோர் பலர் வாழ்கின்றனர். மின்சாரம் அற்றால் மின்தூக்கி நிற்கும். உயர்ந்த மாடிக்கு நீரேற்றும் பொறியும் நிற்கும். பதினைந்தாம் மாடியிலே தனித்திருக்கும் ஒருவருக்கு அக்கட்டடம் தீவாகிவிடுகின்றது. பிள்ளைகள் வேறு நகரில் இருப்பர். வழுக்கும் வீதியில் அவர்களாலும் வந்து சேர்தல் அரிது. அப்பொழுது பயன்படுவது அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்து கதவைத் தட்டும் ஒரு கை.

அக்கை எங்கே உளது? பழைய மாணவர் சங்கங்களிலே உளது என்பேன். அந்நகரங்களில் இயங்கும் சங்கங்களிடம் உறுப்பினர் பெயர், முகவரி, தொலைபேசி யாவும் உள. விருந்துக்கும் நன்கொடைக்கும் அப்பட்டியலைப் புரட்டுவது தவறன்று. நம் கல்லூரிக் கட்டடங்கள் சில அப்பட்டியலால் எழுந்தவையே. ஆயினும் அதே பட்டியலை ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் மற்றொரு முறையும் புரட்டலாமன்றோ? தனித்து வாழும் முதியோர் யாவர், அவர்களுக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ளவர் யாவர் என்று இருவர் இருவராகக் குறித்து வைத்து, அப்போதே அத்தமிழ்த் தாளையும் நேரிற் கொண்டுபோய்க் கொடுத்தல் கூடும். முதியவர் நம் கல்லூரியிற் பயின்றவரா, பிற கல்லூரியிற் பயின்றவரா என்று பார்க்க வேண்டியதில்லை. குளிர் அவ்வேறுபாட்டை அறியாது.

இதற்கு அரசின் அனுமதி வேண்டுவதில்லை, பெருநிதியும் வேண்டுவதில்லை. சில தாள்களும், சில மாலைப் பொழுதுகளும், பொறுப்பேற்கும் சிலரும் போதும். அரசு செய்யவேண்டியதை நாம் ஏன் செய்யவேண்டும் என்பார்க்கு ஒன்று கூறுவேன்: 1998இல் 16,000 படைவீரர் வந்தும், எல்லாக் கதவையும் தட்ட நாட்கள் பல சென்றன. உறைந்த வீட்டில் முதல் இரவைக் கடப்பதற்குப் படை வராது, அயலவரே வருவர்.

கோபுரங்களுக்கிடையே வலிய கோபுரங்களை நிறுத்திய பொறியியலாளர் செயலை மேலே கூறினேன். மக்கட் கூட்டத்திலும் அத்தகைய கோபுரங்கள் இடையிடையே நிற்றல் வேண்டும். பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் அவ்வாறு நிற்பாராயின், அதுவே நம் கல்லூரிக்கு அவர் செலுத்தும் சிறந்த காணிக்கையாகும். அடுத்த நவம்பர் வருமுன் அப்பட்டியல் எழுதப்படுவதாக.