கடலிற் கண்விழித்திருப்பவர் யார்?

எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்று இன்று பல தேசங்களிற் சிதறி வாழும் நண்பர் பன்னிருவர், கல்லூரியின் விழாவாண்டை முன்னிட்டு, மாலைதீவுக் கடலில் ஒரு வாரம் ஒரே படகிற் றங்கிச் சுழியோடி மகிழ்வதெனத் தீர்மானித்துள்ளனர். ஏலவே இரு தடவை அத்தகைய பயணஞ் செய்தவன் என்ற காரணத்தால் என் அபிப்பிராயத்தையுங் கேட்டனர். தனிக் கடிதமாக எழுதவேண்டியதை இம்மலரில் எழுதுகின்றேன். இக்கால மாணவருட் சிலர் சுழியோட்டம் பயில்வதாக அறிகின்றேன். நாளை அவர்களும் இவ்வாறே புறப்படுவர்.

இப்பயணத்தின் இன்பத்தை நான் மறுப்பவனல்லன். கரையிலே விடுதியெடுத்துத் தங்கினால், தினமும் படகேறிச் சென்று மீளவேண்டும். இங்கோ படகே விடுதி. இரவில் ஒரு பவளத்தீவுத் தொகுதியிற் கண்மூடினால் மறுநாள் இன்னொன்றிற் கண்விழிக்கலாம். பெரிய படகைப் பின்தொடர்ந்து, வளியடைக்கும் பொறியையும் உருளைகளையும் சுமந்து ஒரு சிறு 'டோனி' வரும். அது நம் தோணியோடு உறவுடைய சொல் என்பதை அங்குள்ள மாலுமிகளுக்குச் சொன்னபோது அவர்கள் பெரிதும் மகிழ்ந்தனர். நாளொன்றுக்கு மும்முறை நீரில் இறங்குதல், உண்ணுதல், உறங்குதல், மீண்டும் இறங்குதல்: இதுவே நியமம். கொம்புத் திருக்கையொன்று தலைக்கு மேலே சிறகசைத்துச் செல்வதை ஒருமுறை கண்டவன் அதனை எளிதில் மறவான்.

நீரின் கீழுள்ள ஒழுங்கும் மெச்சத்தக்கதே. கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் நெட்டுருப் பண்ணிய போயிலின் விதி அங்கே உயிர்பெற்று நிற்கின்றது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்கு. முப்பது மீற்றரில் நான்கு மடங்கு. அங்கு நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுபவனின் நுரையீரல் கிழியும். விரைந்து மேலெழுந்தால் இரத்தத்திற் கரைந்த நைதரசன் குமிழாகும். ஆதலால் எவருந் தனியே இறங்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவர் உண்டு. இறங்கியோர் எத்தனை பேர், ஏறியோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த பின்பே டோனி நகரும். மாலைதீவுச் சட்டம் முப்பது மீற்றருக்குக் கீழே உல்லாசச் சுழியோட்டத்தை அனுமதிப்பதுமில்லை.

பகலில் இத்தனை விழிப்பு. இரவில்?

இரண்டாம் பயணத்தில் ஒருநாள், நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில், தாகத்தால் எழுந்து மேற்றட்டுக்குச் சென்றேன். சுக்கான் அறையில் ஒருவருமில்லை. மாலுமிகள் யாவரும் பாய்களில் ஆழ்ந்த நித்திரையிற் கிடந்தனர். உணவறை மேசைமீது எமது விளக்குகளினதும் ஒளிப்படக் கருவிகளினதும் மின்கலங்கள் இருபதுக்கு மேல் ஒன்றாக மின்னேறிக்கொண்டிருந்தன. செந்நிறப் பொட்டுக்கள் கண்சிமிட்டியபடி இருந்தன. அம்மேசைக்கு நேர்கீழே நாங்கள் பதினால்வர் உறங்கும் அறைகள். காலையில் இதனைச் சொன்னபோது தலைமை மாலுமி சிரித்துவிட்டுத் தேநீர் தந்தார்.

அவருடைய சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. 2019 செப்ரெம்பர் 2ஆம் திகதி அதிகாலை, கலிபோர்ணியாவின் சாந்தா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த 'கொன்செப்சன்' என்னும் சுழியோட்டப் படகு தீப்பற்றியது. கீழ்த்தட்டிற் படுத்திருந்த பயணிகள் 33 பேரும் மாலுமி ஒருவருமாக 34 பேர் மாண்டனர். மேற்றட்டில் உறங்கிய மாலுமிகள் ஐவர் தப்பினர். கீழறைக்கு வழி இரண்டிருந்தன. இரண்டும் தீப்பற்றிய அதே கூடத்திலேயே சென்று முடிந்தன. தீயின் மூலம் எதுவென்று விசாரணையாளரால் உறுதிசெய்ய இயலவில்லை. ஆனால் இரவிற் சுற்றிவந்து காவல்செய்ய எவரும் நியமிக்கப்படவில்லை என்பது ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. அப்படகுத் தலைவர் 2023இற் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2024இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். செங்கடலிலோ, 2024 நவம்பர் 25இல் 'சீ ஸ்டோரி' என்னும் படகு அதிகாலையிற் கவிழ்ந்தது. கவிழ்ந்த படகின் அறைகளுட் சிக்கிய சிலர் மறுநாளே உயிரோடு மீட்கப்பட்டனர், பலர் மீளவில்லை. இவ்விரு படகுகளிலும் மாண்டோரைக் கொன்றது சுழியோட்டமன்று என்பதே என் வாதம். ஆழத்துக்கு அஞ்சி ஆயிரம் விதி வகுத்த நாம் படுக்கையை மறந்துவிட்டோம்.

மன்னார்ச் சலாபத்தில் நம்மவர் கண்ட முறை வேறு. நள்ளிரவிற் கரைக்காற்றோடு புறப்பட்ட வள்ளங்கள் விடியலிற் பாரை அடையும். நண்பகல்வரை குளித்தபின் கடற்காற்றோடு கரை திரும்பும். ஒரு கல்லுக்குக் குளியாளர் இருவர்: ஒருவன் கீழே, மற்றவன் மேலே. கயிற்றைப் பிடிப்பவன் கண்ணயர இடமேயில்லை. அக்கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். தங்கையின் தாலி அவன் கையை இறுகப் பற்றச்செய்யுமாம். அத்தொழிலின் கொடுமைகளை நான் புகழவரவில்லை. கயிறு எவர் கையில் என்று இறங்குபவன் அறிந்திருந்தான் என்பதையே சொல்கின்றேன்.

எமது விடுதியின் இரவுக் காவலாளியை இந்நண்பர் பன்னிருவரும் மறந்திருக்க மாட்டார்கள். மணிதோறும் அரிக்கன் இலாம்புடன் சுற்றிவந்து, வேப்பமரத்திற் றொங்கிய தண்டவாளத் துண்டில் அடிப்பார். நித்திரை கெடுகின்றதென்று ஓரிரவு அவ்விலாம்பை ஒளித்துவைத்தோம். அவர் இருளிலேயே தடவித் தடவி வந்து, ஒரு மணியுந் தவறாது அடித்தார். யார் ஒளித்ததென்று மறுநாள் அதிபரிடஞ் சொல்லவுமில்லை. ஒளித்தவன் யாரென்பதை இப்பொழுது கூறுவதிற் பாதகமில்லை: நானே.

ஒழுங்குசெய்யும் நண்பர், "ஓய்வுக்காகப் பணங் கொடுக்கின்றோம், காவலுக்கும் நாமா கணக்கெடுப்பது?" என்று கேட்கின்றார். ஆம், நாமே. இரவு பத்து முதல் காலை ஐந்து வரை விழித்திருப்பவர் யார், எத்தனை மணிக்கொருமுறை கீழ்த்தட்டைச் சுற்றிப் பார்ப்பார் என்று எழுத்தில் வாங்கவேண்டும். படுக்கையறையினின்று வெளியேறும் வழிகள் வெவ்வேறிடத்திற் சென்று முடிகின்றனவா என்பதை முதனாளே ஒவ்வொருவரும் நடந்து பார்க்கவேண்டும். மின்கலங்களைப் பகலில் ஆள் பார்த்திருக்க மின்னேற்றிக்கொண்டால் என்ன குறை? இவற்றைக் கேட்பதால் விருந்தோம்பலுக்கு இழுக்கென்று எண்ணுவோர் படகை வேறெவருக்கேனும் வாடகைக்கு விடட்டும்.

நாம் விசாரித்த இரு படகுகளுள் ஒன்றன் உரிமையாளர், காவல்முறைப் பட்டியலைத் தாமாகவே அனுப்பியுள்ளார். நண்பர் பெரிதும் விரும்பும் மற்றப் படகிலிருந்து உணவுப் பட்டியல் மாத்திரம் வந்துள்ளது. அவர்களுடைய மறுமொழி கிடைக்கும்வரை என் பங்குப் பணத்தை அனுப்புவதாயில்லை.