உங்க பிள்ளை வரைஞ்ச படத்தை வரைஞ்சது யாரு?

கொஞ்சம் காரமான பதிவு. பிள்ளையை ஓவிய வகுப்புக்கு அனுப்பிட்டு, அது கொண்டு வர்ற படத்தை குடும்ப வாட்ஸப் குழுமத்துல போட்டு கைதட்டல் வாங்குற அப்பா அம்மாக்கள் மனசைத் திடப்படுத்திக்கிட்டு மேல படிக்கவும் :-)

அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கேன். எல்லார் வீட்டிலயும் அதே படம்தான். ஆரஞ்சு கலர் வானம், கீழ கறுப்பா ரெண்டு தென்னை மரம், நடுவுல தண்ணி, தண்ணியில ஒரு சூரியன். இல்லேன்னா நீல வானத்துல பெரிய நிலா, கிளையில ரெண்டு குருவி. ஆறு வயசுக் குழந்தையும் அதைத்தான் வரையுது, பதினாலு வயசுப் பையனும் அதைத்தான் வரையறான். எட்டு வருஷம் வித்தியாசம் இருக்கிற ரெண்டு கை ஒரே மாதிரி வரையுதுன்னா, வரைஞ்ச கை வேற ஒண்ணுன்னு புரிஞ்சுக்க துப்பறியும் சாம்பு எல்லாம் தேவையில்ல. குழந்தை பட்டையா பெயிண்ட் அடிக்கும். கடைசி பத்து நிமிஷம் சார் வந்து, "நான் கொஞ்சம் டச்சப் பண்றேன்"னு பிரஷை வாங்குவார். குருவிக்கு கண்ணும் தண்ணிக்கு மினுமினுப்பும் அப்பத்தான் வரும். கையெழுத்து மட்டும் குழந்தையோடது.

சரி, மேட்டருக்கு வரேன்.

கோட்டூர்புரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஓவியர் இருக்காங்க. அக்கான்னுதான் கூப்பிடுவேன். பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. முழுக்க அக்ரிலிக். வீட்டுல ஒரு ரூம்தான் ஸ்டூடியோ, சனி ஞாயிறு அதுவே வகுப்பு. பதினோரு பசங்க படிச்சாங்க. இந்த வருஷம் அதுல ஏழு பேர் நின்னுட்டாங்க. காரணம் கேட்டா சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அக்கா முதல் மூணு மாசம் கறுப்பு, வெள்ளை, ஒரு பிரவுன் தவிர வேற கலர் கொடுக்க மாட்டாங்க. எவர்சில்வர் டம்ளர், வாழைக்காய், கசங்கின துண்டு... இதையே திரும்பத் திரும்ப வரையச் சொல்வாங்க. பசங்க பேப்பர்ல அவங்க பிரஷ் படவே படாது. "கைய வச்சுட்டா அது என் படம் ஆயிடும் தம்பி, அப்புறம் அவனுக்கு எதுக்கு ஃபீஸு?"ம்பாங்க.

ஒரு அம்மா வந்து, "மிஸ், ரெண்டு மாசமா ஒரே டம்ளரையே வரையறான். பக்கத்துல இன்னொரு இடத்துல வாரம் ஒரு கேன்வாஸ் தராங்களாம், வருஷக் கடைசியில எக்ஸிபிஷனும் சர்டிபிகேட்டும் உண்டாம்"னு சொல்லிட்டு பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க பின்னாடியே மத்தவங்களும். அந்த இன்னொரு இடம் எதுன்னு நான் சொல்லப் போறதில்ல. ஊர் பூரா இருக்கு, ஒண்ணை மட்டும் சொல்லி என்ன ஆகப் போகுது?

என் கேள்வி ஒண்ணுதான். கணக்கு டியூஷன்ல சாரே கணக்கைப் போட்டுக் கொடுத்து, பையன் பேரை எழுதி அனுப்பினா நீங்க ஒத்துக்குவீங்களா? வீணை வகுப்புல மிஸ் வாசிச்சதை ரெக்கார்டு பண்ணி உங்க பொண்ணு வாசிச்சதுன்னு கொடுத்தா? சண்டைக்குப் போவீங்க. ஓவியத்துல மட்டும் காசும் கொடுத்து, ஃபிரேமும் போட்டு, ஹால்ல மாட்டறீங்க. ஏன்னா ஓவியத்தைக் கத்துக்கிற விஷயமாவே நீங்க நினைக்கல. அது உங்களுக்கு வீட்டுக்கு எடுத்துட்டு வர்ற ஒரு பொருள், அவ்ளோதான்.

"குழந்தைக்கு ஒரு தன்னம்பிக்கை வருதுல்ல?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். வராது சார். தன் கையால அந்தக் குருவிக் கண்ணை வைக்க முடியலன்னு அந்தக் குழந்தைக்கு நல்லாத் தெரியும். அடுத்த வாரம் யாருமில்லாதப்போ வீட்டுல உட்கார்ந்து வரைஞ்சு பார்க்கும், வராது. "எனக்கு வரைய வராது"ன்னு அப்பவே முடிவு பண்ணிடும். ஆனா டம்ளரோட மூணு மாசம் மல்லுக்கட்டின பையன், தப்பு எங்க நடக்குதுன்னு பார்க்கக் கத்துக்கிட்டிருப்பான்.

அக்ரிலிக் இருக்கே, அது தப்பு பண்ணிப் பழகறதுக்குன்னே பிறந்த பெயிண்ட். ஈரமா இருக்கும்போது அதுல இருக்கிற பசை பால் மாதிரி வெள்ளையா இருக்கும், காய்ஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆயிடும். அதனால தடவும்போது பார்த்த கலர் வேற, காய்ஞ்ச அப்புறம் வர்ற கலர் ஒரு படி அடர்த்தி. இதை யாரும் சொல்லிக் கொடுத்துப் புரிய வைக்க முடியாது. பத்து தடவை ஏமாந்தாத்தான் கை கணக்கு போட ஆரம்பிக்கும். மே மாச வெயில்ல தட்டுல பிழிஞ்ச கலர் பார்த்துக்கிட்டிருக்கும்போதே தோல் கட்டிடும். அதுக்கு அக்கா ஒரு வழி வச்சிருக்காங்க. பழைய எவர்சில்வர் டிபன் டப்பால ஈரத் துணி, அதுக்கு மேல பட்டர் பேப்பர், அதுல கலர், மூடி போட்டு வச்சா மறுநாளும் ஈரம். கடையில இதையே ப்ளாஸ்டிக்ல செஞ்சு நல்ல விலைக்கு விக்கிறான்! அப்புறம், வரைஞ்ச கேன்வாஸை முகத்தோட முகம் வச்சு அடுக்கக் கூடாது, நம்ம ஊர் சூட்டுக்கு அக்ரிலிக் இளகி ரெண்டும் ஒட்டிக்கும். வாரம் ஒரு கேன்வாஸ் வகுப்புல இதெல்லாம் எப்ப சொல்றது? அங்க படம் காயறதுக்குள்ள பெல் அடிச்சிருவாங்க.

இதை விட முக்கியமா ஒண்ணு இருக்கு. அந்த ரூம்ல ஒரு மூலையில அக்காவோட சொந்தப் படம் பாதியில நிக்கும். அடையாறு ஆத்துப் பாலம், கீழ சேறு, ஓரத்துல ஹவுசிங் போர்டு வீடுங்க. மாசக்கணக்கா நிக்குது. ஒரு நாள் ஒரு வாண்டு, "ஆன்ட்டி, போன வாரம் இங்க ஒரு மரம் இருந்துச்சே, எங்க?"ன்னு கேட்டுச்சு. "பொய்யா இருந்துச்சுடா, மூடிட்டேன்"னாங்க. பெரியவங்களும் தப்பா வரைவாங்க, ஒரு வாரம் உழைச்சதை அவங்களே அழிப்பாங்கன்னு ஒரு எட்டு வயசுப் பையன் நேரா பார்த்தான் பாருங்க, அதுதாங்க ஓவிய வகுப்பு. இதுக்கு சர்டிபிகேட் கிடையாது.

இப்ப சிலர் கிளம்புவீங்க. "அக்ரிலிக் எல்லாம் ஒரு மீடியமா? ஆயில்ல பண்றவன்தான் பெயின்டர், இது ஹாபி கிளாஸ் சமாச்சாரம்"னு. டேவிட் ஹாக்னி 1967-ல வரைஞ்ச 'எ பிக்கர் ஸ்ப்ளாஷ்' அக்ரிலிக்தான், இப்ப லண்டன் டேட்ல இருக்கு. நீச்சல் குளத்துல யாரோ குதிச்ச மாதிரி ஒரு நீர்த்தெறிப்பு. நிஜத்துல ரெண்டு செகண்ட்ல அடங்கிடும். அதை வரைய அவருக்கு ரெண்டு வாரம் ஆச்சு. வகுப்புக் கணக்குல பார்த்தா ரெண்டு கேன்வாஸும் ஒரு சர்டிபிகேட்டும் போச்சு, பாவம்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம்னா நம்ம மெட்ராஸையே பாருங்க. அலெக்ஸாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் 1850-ல ஆரம்பிச்ச பள்ளிதான் இன்னைக்கு எழும்பூர்ல இருக்கிற கவின் கலைக் கல்லூரி. மெரினா உழைப்பாளர் சிலை செஞ்ச ராய் சௌத்ரி அங்க முதல்வரா இருந்தவர். அவருக்கப்புறம் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல இஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்சார். எதுக்கு? படம் வரைஞ்சு மட்டும் சாப்பிட முடியாது, அதுக்காக வரையறதை விடவும் முடியாது. பாத்திக், கைவினைப் பொருள்னு செஞ்சு வித்து, அந்தக் காசுல நிலம் வாங்கி, மீதி நேரத்துல படம் வரைஞ்சாங்க. ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்துல வேலை பார்த்தார். வீர சந்தானமும் அங்கதான். அச்சுதன் கூடலூர் பொதுப்பணித்துறை இன்ஜினியர். ஆபீஸ் முடிஞ்சு காலேஜ்ல நடந்த மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்குப் போய் சாயங்காலத்துல வரையக் கத்துக்கிட்டவர். 2022-ல அவர் போனப்போ இந்தியாவோட முக்கியமான அரூப ஓவியர்கள்ல ஒருத்தர். "பொழுதுபோக்கு கிளாஸ்தானே"ன்னு சொல்றவங்க இந்தக் கடைசி ஆளை ஞாபகம் வச்சுக்கங்க.

பாத்திக் வித்தவங்களுக்கும் பாடம் எடுக்கிறவங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாத்திக் வாங்கறவர், "நீ படம் எப்படி வரையணும்"னு சொல்ல மாட்டார். ஃபீஸ் கட்டற அம்மா சொல்றாங்க. நாலு பசங்க ஃபீஸ்ல அக்கா வாடகை கட்டறதா, கலர் வாங்கறதா? அடுத்த ஜூன்ல அவங்களும் தென்னை மரத்துக்கு மாறிட்டாங்கன்னா நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், உங்களைத்தான் சொல்வேன்.

அரசாங்கம் யோக்கியமான்னு கேக்காதீங்க. 2012-ல அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை இதுக்கெல்லாம் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தாங்க. வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் 5,000 ரூபாய். அப்புறம் போராடிப் போராடி சம்பளம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு. ஓவியத்துக்கு நாம வச்சிருக்கிற மரியாதை என்னன்னு தெரிஞ்சுக்க அந்த 5,000 போதும்.

கண்காட்சி விஷயத்துக்கு வருவோம். அக்கா இதுவரை மூணு கண்காட்சியில படம் வச்சிருக்காங்க. ரெண்டு குழுவா, ஒண்ணு தனியா. தனியா வச்சதுக்கு நானும் போயிருந்தேன். வந்தவங்க கேட்ட கேள்வி மூணே மூணு. "இது வரைய எத்தனை நாள் ஆச்சு?" "இவ்வளவு விலையா?" "எங்க ஹால் சோபா நீலம், அதுக்கு மேட்சா ஏதாவது இருக்கா?" அந்தப் பாலத்தை ஏன் கீழ இருந்து பார்த்த மாதிரி வரைஞ்சிருக்கீங்க, அந்த வீட்டுச் சுவத்துல ஏன் ஒரு ஆள் உயரத்துக்கு மேல ஒரு கோடு போகுதுன்னு ஒருத்தர் கேக்கல. அது 2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி நின்ன கோடு. கோட்டூர்புரத்துல அப்ப இருந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த வெள்ளத்துல தரைத்தளத்துல அவங்க வச்சிருந்த படங்க எல்லாம் போச்சு. காய்ஞ்ச அக்ரிலிக் தண்ணியில கரையாது, பெயிண்ட் அப்படியேதான் இருந்துச்சாம். ஆனா துணி தொங்கி, மரச்சட்டம் ஊறி வளைஞ்சு, பின்னாடி பூரா கறுப்பா பூஞ்சை. துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "நீதானேம்மா வரைஞ்ச? திரும்ப வரைஞ்சுக்கோ"ன்னாராம். பிரிட்ஜும் டிவியும் போனதுக்கு மட்டும் எல்லாரும் உச்சுக் கொட்டிட்டுப் போயிருக்காங்க.

நமக்கு நின்னு பார்க்கத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். ஜனவரியில மயிலாப்பூர் விழா கோலப் போட்டிக்கு வடக்கு மாட வீதியில போய்ப் பாருங்க. புள்ளி வைக்கும்போதே கூட்டம் நிக்கும். கோடு தப்பினா, அந்தப் பாட்டி அதை எப்படி சமாளிக்கறாங்கன்னு மூச்சு விடாம பார்க்கும். முடிஞ்ச கோலத்தை விட போட்டுக்கிட்டிருக்கிற கோலத்துக்குத்தான் கூட்டம் அதிகம். "எவ்வளவு நேரமாச்சு, என்ன விலை"ன்னு யாரும் கேக்கறதில்ல. அதே ஜனம் கேலரி படியேறினதும் ஏன் சோபா கலரைத் தேடுதுன்னா, அங்க நடுவுல நடந்தது எதையும் காட்டாம முடிஞ்ச சரக்கை மட்டும் வெள்ளைச் சுவத்துல மாட்டி, பக்கத்துல விலைச்சீட்டு ஒட்டிடறாங்க. கடை மாதிரி வச்சா ஜனம் கடைக்கு வந்த மாதிரிதான் பேசும். இந்த இடத்துல ஓவியர்கள் மேலயும் எனக்குக் கோபம் உண்டு. முப்பது செகண்ட் ரீல்ஸ்ல படம் தானா பூத்த மாதிரி வேகமா ஓட்டிக் காட்டறாங்களே, அதுல மூடின மரம், அழிச்ச வானம் எல்லாம் வெட்டி எறிஞ்சாச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் அந்த அம்மா வாரம் ஒரு கேன்வாஸ் கேக்கறாங்க.

நம்ம ஏரியாவுலயே, காந்தி மண்டபம் ரோட்டுல, 2010-ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு. ஒன்பது மாடி. குழந்தைங்க பகுதிக்கு ஞாயித்துக்கிழமை ஆனா குடும்பம் குடும்பமா வராங்க. அங்க ஏதாவது ஒரு தளத்துல ஒரே ஒரு மூலையை, அக்கம்பக்கத்து ஓவியர்களுக்கு மாசம் ஒருத்தர்னு கொடுத்தா என்ன? முடிஞ்ச படம் வேண்டாம். பாதிப் படத்தைக் கொண்டு வந்து வச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்து வரையட்டும், வாண்டுங்க சுத்தி நின்னு "மரம் எங்க ஆன்ட்டி"ன்னு கேக்கட்டும். விலைச்சீட்டு கிடையாது, ரிப்பன் கட்டிங் கிடையாது. சுவத்துல ஆணி அடிக்க விட மாட்டாங்கன்னு அக்கா இப்பவே சொல்லிட்டாங்க. ஆணி எதுக்கு, ரெண்டு ஈசல் போதும். (மழைக்கு வர்ற ஈசல் இல்லீங்க, படம் வைக்கிற மூணு கால் ஸ்டாண்டு!)