ஸ்டீயரிங் ஆடினால் பாக்ஸைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: “எங்களிடம் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று இருக்கிறது. மலையில் உள்ள ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களையும் உரத்தையும் அதில்தான் ஏற்றிச் செல்கிறோம். சில மாதங்களாக ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி உடனே திரும்புவதில்லை. நேர் ரோட்டிலும் அலைபாய்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். செலவு குறைய வழி உண்டா?”

- வாசகர், போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பதில்: பாக்ஸை மாற்றும் முன், ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பழைய ஜீப்பில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே பல மூட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேய்மானம் இருந்தாலே, எல்லாம் சேர்ந்து பெரிய ஆட்டமாகிவிடும். பாக்ஸ் நன்றாக இருந்து, தேய்ந்தது ஒரு பால் ஜாயின்ட் மட்டும் என்பதும் உண்டு.

முதலில் டயர்களில் காற்றைச் சரிபாருங்கள். முன் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும். காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும், வண்டி அலையும்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். முன் சக்கரங்கள் நேராக இருக்கட்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி என்றால் இன்ஜினை அணைத்துவிடலாம். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்ட வேண்டும். சக்கரம் அசையத் தொடங்கும் வரை ஸ்டீயரிங் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன்படி இது 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 12-லிருந்து 1-க்கு உள்ள தூரம்தான் அது. அதற்காக, 30 டிகிரி வரை கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. ஆட்டம் கூடிக்கொண்டே போனால் அப்போதே பார்க்க வேண்டும்.

அவர் ஆட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் டார்ச் அடித்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். இடுக்கில் விரலை விடக் கூடாது. ஒரு மூட்டின் இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையாமல் நின்றால், ஆட்டம் அங்கேதான்.

- பாக்ஸே சேஸிஸை விட்டு அசைகிறதா? போல்ட் தளர்ந்திருக்கும் அல்லது சேஸிஸில் வெடிப்பு இருக்கும். வெடிப்பு இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.
- ஸ்டீயரிங் ராட் சுற்றியும் பாக்ஸிலிருந்து வரும் டிராப் ஆர்ம் அசையவில்லையா? அப்போதுதான் கோளாறு பாக்ஸுக்குள்.
- டிராப் ஆர்ம் அசைந்தும் சக்கரம் தாமதமாகத் திரும்புகிறதா? டிராக் லிங்க், டை ராட் முனைகளில் உள்ள பால் ஜாயின்ட்களைப் பாருங்கள். சில பழைய ஜீப்களில் நடுவில் பெல் கிராங்க் இருக்கும். அதன் பின்னும் புஷ்ஷும் தேயும்.

அடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

மூட்டுகள் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி அலைந்தால் ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். யு போல்ட் தளர்ந்தாலும் ஷாக்கிள் புஷ் தேய்ந்தாலும் முன் ஆக்ஸில் இடம் நகரும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பாமலேயே வண்டி திரும்பும்.

ஆட்டம் இல்லாமல் ஸ்டீயரிங் கனமாக மட்டும் இருந்தால் கிரீஸ் வற்றிய கிங் பின், எண்ணெய் குறைந்த பாக்ஸ் காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. மலைப் பாதையில் போட்ட முன் சக்கர டிரைவை, தார் ரோட்டுக்கு வந்த பிறகும் எடுக்காமல் ஓட்டினால் வளைவில் ஸ்டீயரிங் கனக்கும். கியர்களும் தேயும்.

பலர் செய்யும் தவறு, எங்கே தேய்ந்தது என்று பார்க்காமல் பாக்ஸின் மேல் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குரூவை முறுக்குவது. பாக்ஸ் அதிகம் தேய்வது நடுப்பகுதியில்தான். அங்கே உள்ள ஆட்டம் போகும் வரை முறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது இறுகிவிடும். ஹேர்பின் வளைவில் ஸ்டீயரிங் திரும்பி வராமல் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று மலையில் ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்ற மூட்டுகள் சரியான பிறகு, சக்கரங்களைத் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும்.

தேய்ந்த பால் ஜாயின்டுக்கு வெல்டிங் வைக்கக் கூடாது. புதிதாகப் போட்டு, நட்டுக்குப் புது ஸ்பிலிட் பின் குத்த வேண்டும். டை ராடைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம். சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் இறங்கி வந்த வண்டிக்கு, கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புதுக் கிரீஸ் அடித்தால் மூட்டுகள் நெடுநாள் உழைக்கும்.

இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, ‘இந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறது’ என்று மெக்கானிக்கிடம் காட்டினால் வீண் செலவு குறையும். சரிசெய்து முடிக்கும் வரை அந்த வண்டியில் ஆட்களை ஏற்ற வேண்டாம். உரம் ஒரு வாரம் தாமதமாகப் போனால் சமாளித்துக்கொள்ளலாம்.